ஆறப்போட்ட நிலம்

(யூபிலி ஆண்டுக் குடும்ப நாள் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



யூபிலி என்றதும் நம் மனக்கண்முன் வந்து நிற்பவை கொடியேற்றமும், தேர்ப்பவனியும், விழா மலரும்தாம். ஆனால் லேவியராகமத்தைத் திறந்து பார்த்தால், யூபிலி ஆண்டுக்கென விதிக்கப்பட்டவற்றுள் வேறொன்றும் இருக்கக் காண்கிறோம். அந்த ஆண்டில் நிலத்தில் விதைக்கவும் கூடாது, அறுக்கவும் கூடாது. நிலம் ஓய்ந்திருக்க வேண்டும்.

நம்முள் வயல் வைத்திருப்போர்க்கு இது புதிய செய்தியன்று. தொடர்ந்து பயிரிட்டுக் களைத்த நிலத்தை ஒரு போகம் ஆறப்போடுவது நம் முன்னோர் வழக்கம். ஆறப்போட்ட நிலம் கைவிடப்பட்ட நிலமன்று, விற்கப்பட்ட நிலமுமன்று. பட்டா நம் பெயரில்தான் இருக்கிறது. வரப்பும் வாய்க்காலும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. அடுத்த போகம் நன்றாக விளையட்டும் என்பதற்காகவே இந்தப் போகம் ஏர் இறங்காமல் கிடக்கிறது.

இன்று நம் ஒவ்வொருவர் கையிலும் ஒரு சிறு வயல் இருக்கிறது. முகநூல் கணக்கு, இன்ஸ்டாகிராம் கணக்கு, வாட்ஸ்அப் குழு என்று அதற்குப் பல பெயர்கள். இரவும் பகலும், ஞாயிறும் திங்களும் ஓயாமல் உழப்படும் வயல் அது. அதைச் சில நாள்களுக்கு ஆறப்போடலாகாதா? போடுவதானால் எப்படி? இதுவே நாம் இன்று எண்ணிப் பார்க்க எடுத்துக்கொண்ட பொருள்.

கருவியின்மீது பகையில்லை

"சாமியார் செல்போனைத் திட்டப்போகிறார்" என்று இளைஞர்கள் முகம் சுளிக்க வேண்டா. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் நாள் வெளியிட்ட ஏடுகளுள் ஒன்றே சமூகத் தொடர்புக் கருவிகளைப் பற்றியது. 1967 முதல் ஆண்டுதோறும் சமூகத் தொடர்பு நாளைத் திருச்சபை கொண்டாடி வருகிறது. 2012-ஆம் ஆண்டு அந்த நாளுக்காகத் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் எழுதிய செய்தியின் கருப்பொருள் மௌனமும் வார்த்தையும் என்பதாகும். அதே ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள் அவர் டுவிட்டரில் தம் முதற் செய்தியை வெளியிட்டார். மௌனத்தின் அருமையை எடுத்துரைத்தவரே புதிய கருவியையும் கையில் எடுத்தார். இரண்டுக்கும் முரண்பாடு இல்லை.

அடுத்து நடந்ததையும் கவனியுங்கள். 2013 பிப்ரவரி 28-ஆம் நாள் அவர் பதவி துறந்தார். அன்று முதல் அந்தக் கணக்கு, பேதுருவின் ஆசனம் காலியாக உள்ளது என்ற அறிவிப்பை மட்டும் தாங்கி அமைதியாக நின்றது. மார்ச் 17-ஆம் நாள் புதிய திருத்தந்தை பிரான்சிஸ் அதில் மீண்டும் எழுதினார். 2025-ஆம் ஆண்டு ஏப்ரலில் அவர் இறைவனடி சேர்ந்தபோதும் அவ்வாறே செய்யப்பட்டது. உலகெங்கும் இலட்சோபலட்சம் பேர் பின்தொடரும் கணக்கு ஒன்று சில வாரங்கள் ஊமையாக இருந்ததால் எதுவும் கெட்டுவிடவில்லை. அப்படியிருக்க, நம் கணக்கு சில நாள் மூடியிருந்தால் உலகம் நின்றுவிடும் என்று நாம் ஏன் அஞ்சவேண்டும்?

மேலும், நம் பங்கில் வளைகுடா நாடுகளில் உழைக்கும் தந்தையர் உண்டு. இரவு ஒன்பது மணிக்குச் செல்போன் திரையில் தோன்றும் அந்த முகத்துக்காகக் காத்திருக்கும் மனைவி மக்களும் உண்டு. அவர்களுக்கு அந்தக் கருவி விளையாட்டுப் பொருளன்று. குடும்பத்தைக் கட்டி வைத்திருக்கும் கயிறு. அதை அறுக்கச் சொல்ல நாம் வரவில்லை. களையைப் பிடுங்குகிறவன் கதிரைப் பிடுங்கமாட்டான்.

நிலம் களைப்பது எதனால்?

முகநூல் 2004-ஆம் ஆண்டில் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களுக்காகத் தொடங்கியது. 2009-ஆம் ஆண்டில் அதில் 'லைக்' பொத்தான் வந்தது. அதுவரை எழுதுகிறவன் எழுதினான், படிக்கிறவன் படித்தான். அதன்பின் எழுதியவன் எண்ணத் தொடங்கினான். அவனுக்கு நூறு, எனக்குப் பன்னிரண்டு. இதில் என்ன குறை, என்னில் என்ன குறை என்ற கணக்கு உள்ளத்தில் ஏறிற்று.

இன்னொன்று. ஒரு புத்தகத்துக்குக் கடைசிப் பக்கம் உண்டு. நாளிதழுக்கும் உண்டு. திரையில் மட்டும் விரலால் தள்ளத் தள்ள முடிவே இல்லாமல் வந்துகொண்டிருக்கிறது. இம்முறையை 2006-ஆம் ஆண்டில் உருவாக்கிய ஆசா ரஸ்கின் என்ற வடிவமைப்பாளர், அதன் விளைவைக் கண்டு பின்னாளில் தாமே வருந்திப் பேசியிருக்கிறார். "போதும்" என்று சொல்லக்கூடிய இடம் எடுக்கப்பட்டுவிட்டது. ஆகவே, போதும் என்று நாமேதான் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இதன் விளைவை நம் வீடுகளிலேயே காண்கிறோம். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை அன்று, வீடு மந்திரிக்கச் செல்லும்போது கண்ணாரக் கண்டதையே சொல்கிறோம். ஒரே அறையில் நால்வர் இருப்பர். நால்வரும் நான்கு ஊரில் இருப்பர். பாட்டி ஒருத்தி மட்டும் மூலையில் தனியாகச் செபமாலை உருட்டிக்கொண்டிருப்பாள். அவள் ஓர் அருள் நிறைந்த மந்திரத்தின் முற்பாதியைச் சொல்லி நிறுத்துவாள். பிற்பாதியைச் சொல்ல ஆள் இருக்காது.

பிளஸ் டூ தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை நள்ளிரவு வரை விழித்திருக்கிறது. பாடம் ஒரு மணி நேரம், திரை மூன்று மணி நேரம். அண்டை வீட்டாரின் சுற்றுலாப் படத்தைப் பார்த்துவிட்டுத் தன் குடும்பத்தின்மீது சலித்துக்கொள்ளும் தாய் இருக்கிறாள். குடும்பக் குழுவில் செய்தியைப் படித்தும் பதில் போடவில்லை என்பதற்காக ஒரு வயிற்றில் பிறந்த அக்காளும் தங்கையும் பேச்சை நிறுத்திவிட்ட வீடும் இருக்கிறது. இவர்களில் எவரும் தீயவர் அல்லர். ஓய்வில்லாத நிலம் களைத்துவிட்டது, அவ்வளவே.

ஆறப்போடுவதும் விற்றுவிடுவதும்

இப்படிக் களைத்தவர்கள் ஒருநாள் கோபத்தில், "எல்லாவற்றையும் அழித்துவிடுகிறேன்" என்று கிளம்புவதுண்டு. அவசரம் வேண்டா. தற்காலிகமாக முடக்கி வைப்பது வேறு, நிரந்தரமாக நீக்குவது வேறு. ஒன்று ஆறப்போடுதல், மற்றது விற்றுவிடுதல். இந்த வேறுபாடு தெரியாமல் ஆண்டுக்கணக்கில் சேர்த்த படங்களை இழந்து வருந்துவோர் உண்டு.

முகநூலில் இரண்டு வழிகளும் அருகருகே தரப்பட்டுள்ளன. முடக்கி வைத்தால் நம் பக்கம் பிறர் கண்ணுக்கு மறைந்துவிடும். நம் படங்களும் எழுத்துகளும் உள்ளே பத்திரமாக இருக்கும். முன்பு பிறருக்கு அனுப்பிய செய்திகள் அவர்களிடம் அப்படியே இருக்கும். வேண்டுமானால் மெசஞ்சரை மட்டும் தொடர்ந்து பயன்படுத்தலாம். மீண்டும் நம் கடவுச்சொல்லைக் கொடுத்து நுழைந்த மாத்திரத்தில் எல்லாம் திரும்பிவிடும். நீக்கிவிட்டாலோ, மனம் மாறித் திரும்ப 30 நாள் தவணைதான் உண்டு. அதன்பின் போனது போனதுதான்.

இங்கே இரண்டு செய்திகளைக் குறித்துக்கொள்ளுங்கள். முகநூல் கணக்கைக் கொண்டு வேறு செயலி எதிலாவது நுழைந்தாலும் முடக்கிய கணக்கு விழித்துக்கொள்ளும். மேலும், பங்கின் பக்கத்தையோ இளைஞர் மன்றத்தின் பக்கத்தையோ ஒருவர் மட்டுமே நிர்வகித்து வந்தால், அவர் கணக்கோடு அந்தப் பக்கமும் மறைந்துவிடும். முன்னதாகவே இன்னொருவரையும் பொறுப்பில் சேர்த்துவிட வேண்டும்.

இன்ஸ்டாகிராமிலும் தற்காலிகமாக முடக்கலாம். ஆனால் வாரத்துக்கு ஒருமுறைதான் அதற்கு இடமுண்டு. காலையில் மூடி மாலையில் திறந்து இரவில் மீண்டும் மூடும் மனத்துக்கு அது ஒரு நல்ல கடிவாளம்.

டுவிட்டர் என்று முன்பு அழைக்கப்பட்ட எக்ஸ் தளத்தில் மிகுந்த கவனம் தேவை. அங்கே முடக்கி 30 நாளுக்குள் திரும்பாவிட்டால் கணக்கு நீக்கப்படுவதே பொதுவான விதி. சாம்பல் புதன் முதல் பாஸ்கா ஞாயிறு வரை எண்ணிப் பாருங்கள். ஞாயிறுகளையும் சேர்த்து 46 நாள்கள். தவக்காலத்துக்கென்று முடக்கியவர், அல்லேலூயா பாடித் திரும்பும்போது கணக்கே இல்லாதிருக்கக் காண்பார்! ஆறப்போட்டதாக அவர் எண்ணியிருக்க, நிலம் கைமாறிவிட்டது. அங்கே முடக்காமல், செயலியை மட்டும் செல்போனிலிருந்து எடுத்துவிடுவதே மேல்.

வாட்ஸ்அப்பில் இப்படி ஆறப்போடும் வசதி தரப்படவில்லை. அங்கே உள்ளது கணக்கை நீக்குவது மட்டுமே. நீக்கினால் எல்லாக் குழுக்களிலிருந்தும் வெளியேறிவிடுவோம். பழைய செய்திகளும் அழியும். ஆகவே தேவையற்ற குழுக்களின் ஒலியை அடக்கி வைப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். எட்டு மணி நேரம், ஒரு வாரம், எப்போதும் என்று மூன்று அளவுகள் அதில் உண்டு. கணவரின் அழைப்பு வரும் வழியை அது அடைக்காது.

மற்றொன்றையும் மறத்தலாகாது. முடக்கி வைத்ததால் நாம் கொடுத்த விவரங்கள் நிறுவனத்தாரிடமிருந்து மறைந்துவிடுவதில்லை. ஓய்வெடுப்பதற்கு இது நல்ல வழி. ஒளிந்துகொள்வதற்கு ஏற்ற வழியன்று.

நான்கு வாரம் ஒதுங்கியவர்கள்

"ஒதுங்கினால் என்ன கிடைக்கும்?" என்று கேட்பவர்களுக்குச் சோதனை செய்து பார்த்தவர்களின் விடை உண்டு. அமெரிக்காவில் 2018-ஆம் ஆண்டு நவம்பர்த் தேர்தலை ஒட்டி, ஹன்ட் ஆல்காட், மாத்யூ ஜென்ட்ஸ்கோ முதலிய பொருளியல் அறிஞர்கள் ஏறத்தாழ 2,700 பேரைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தினர். அவர்களுள் ஒரு பகுதியினர் பணம் பெற்றுக்கொண்டு முகநூல் கணக்கை நான்கு வாரம் முடக்கி வைத்தனர். ஆய்வின் முடிவு 2020-ஆம் ஆண்டில் 'அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ' என்ற ஏட்டில் வெளியாயிற்று.

ஒதுங்கியவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடம் மிச்சமாயிற்று. குடும்பத்தோடும் நண்பரோடும் நேரில் கழிக்கும் நேரம் கூடிற்று. மனநிறைவும் கூடிற்று, ஆனால் சிறிதளவே. அரசியல் கொள்கைகளைப் பற்றிய கருத்துப் பிளவு குறைந்தது. அதே வேளையில் நாட்டு நடப்பைப் பற்றிய அறிவும் சற்றுக் குறைந்தது. நான்கு வாரம் முடிந்து, தடை ஏதும் இல்லாத நிலையிலும், அவர்கள் முகநூலைப் பயன்படுத்திய நேரம் மற்றவர்களைவிட ஐந்தில் ஒரு பங்குக்குமேல் குறைந்தே இருந்தது.

இதிலிருந்து நாம் கற்பன யாவை? ஒதுங்குதல் சகல நோய்க்கும் மருந்தன்று. சிறிதளவே மகிழ்ச்சி கூடும் என்பதை ஆய்வாளரே மறைக்கவில்லை. ஆனால் திரும்பி வந்தவர்கள் போனவர்களாக வரவில்லை. எவ்வளவு வேண்டும் என்பதைத் தாமே தீர்மானிக்கிறவர்களாக வந்தார்கள். பழக்கம் எசமானாக இருந்த இடத்தில் மனிதன் எசமானாக அமர்ந்தான். ஆறப்போடுதலின் உண்மையான விளைச்சல் இதுவே என்பது நம் கருத்து.

இன்னொரு விவரமும் அந்த ஆய்வில் உண்டு. மிச்சமான நேரத்தில் ஒரு பகுதி, தனியே அமர்ந்து தொலைக்காட்சி பார்ப்பதிலும் கழிந்தது. ஏர் இறங்காத நிலத்தில் களை முளைக்கும் என்பது உழவன் அறியாததா?

செய்யவேண்டிய முறை

ஆகவே ஐந்து யோசனைகளை உங்கள்முன் வைக்கிறோம்.

முதலாவது, சொல்லிவிட்டு ஒதுங்குங்கள். திடீரென மறைந்துபோனால் வெளியூரில் இருக்கும் பெரியம்மா பதறுவார். நண்பன் தன்னை வெறுத்துவிட்டதாக எண்ணி வருந்துவான். "இன்ன நாள் வரை இங்கே இருக்கமாட்டேன், அவசரமானால் போன் செய்யுங்கள்" என்று இரண்டு வரி எழுதினால் போதும். நீண்ட விளக்கம் வேண்டா. விளக்கத்துக்கு எத்தனை 'லைக்' வந்தது என்று பார்க்கத் தோன்றிவிடும்.

இரண்டாவது, நாள் குறியுங்கள். நாள் குறிக்காத ஓய்வு மூன்றாம் நாளே முறிந்துவிடும், அல்லது சோம்பலாகிவிடும். முதன்முறை செய்கிறவர்களுக்கு ஒரு வாரம் போதுமானது. பின்னர் திருவருகைக் காலம், தேர்வுக் காலம் என்று நீட்டிக்கொள்ளலாம்.

மூன்றாவது, வெற்றிடத்தை நிரப்புங்கள். நாம் குருமடத்தில் பயின்ற காலத்தில், இரவு செபத்துக்குப்பின் தொடங்கும் 'பெரிய மௌனம்' மறுநாள் காலைத் திருப்பலி முடியும் வரை நீடிக்கும். தொடக்கத்தில் அது வாயைக் கட்டும் தண்டனைபோலவே எங்களுக்குத் தோன்றிற்று. வாய் மூடியிருந்தாலும் உள்ளே சந்தைக்கடை இரைச்சல். ஆனால் அந்த மௌனத்துக்கு வாசிப்பு, தியானம், உறக்கம் என்று ஓர் ஒழுங்கு இருந்தது; அந்த ஒழுங்கே நாளடைவில் இரைச்சலை அடக்கிற்று. உங்களுக்கும் அதுவே. மிச்சமாகும் ஒரு மணி நேரத்தில் எதைச் செய்வது என்பதை முன்கூட்டியே எழுதி வையுங்கள். பேச்சை நிறுத்திய அக்காள் வீட்டுக்கு ஒரு நடை போவதை முதல் வரியாக எழுதுங்கள்.

நான்காவது, பெற்றோரும் சேர்ந்து செய்யுங்கள். பிள்ளையின் செல்போனைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, தந்தை தம் செல்போனில் அரசியல் வம்பைப் படித்துக்கொண்டிருந்தால் அது ஒறுத்தலன்று, அதிகாரம். பிள்ளைகள் காதால் கேட்பதைவிடக் கண்ணால் காண்பதையே பின்பற்றுவர்.

ஐந்தாவது, திரும்பும்போது எல்லாவற்றையும் அப்படியே திறந்துவிடாதீர்கள். ஆறப்போட்ட நிலத்தை உழவன் முதலில் உழுது, களை எடுத்து, அதன் பிறகே விதைப்பான். இந்த நாள்களில் எது இல்லாமல் வருந்தினோம், எது இல்லாததை நாம் கவனிக்கவே இல்லை என்று பார்த்து, இரண்டாவதை விட்டுவிடுங்கள். படுக்கைக்கும் சாப்பாட்டு நேரத்துக்கும் செல்போன் வரலாகாது என்பது போன்ற ஒரு சிறு விதி போதும்.

இரண்டு எச்சரிக்கைகள்

ஓய்வுக்காக ஒதுங்குவது வேறு; அச்சத்தால் ஓடுவது வேறு. யாரேனும் ஒருவன் ஒரு பெண்பிள்ளையைப் படத்தைக் காட்டி மிரட்டுகிறான் என்று வைத்துக்கொள்வோம். அவள் பயந்து கணக்கை அழித்துவிட்டால், அவனுக்கு எதிரான சான்றையும் சேர்த்தே இழக்கக்கூடும். முதலில் அந்தச் செய்திகளைப் படம்பிடித்து வைக்க வேண்டும். பெற்றோரிடம் சொல்ல வேண்டும். காவல்துறையின் இணையக் குற்றப் பிரிவில் புகார் செய்ய வேண்டும். பெற்றோரே, அந்த நேரத்தில், "உன்னை யார் படம் போடச் சொன்னது?" என்று தொடங்காதீர்கள். பிள்ளை நம்மிடம் வந்து சொல்லத் துணிந்ததே பெரிது. அந்த வாசலை நாமே அடைத்துவிட்டால் அது வேறு எங்கே போகும்?

மற்றொன்று, உறக்கமின்றி, உணவின்றி, எதிலும் நாட்டமின்றிச் சோர்ந்து கிடக்கும் பிள்ளைக்குக் கணக்கை முடக்குவது மட்டும் மருந்தாகாது. சில வேளைகளில் அந்தக் கணக்கில் இருக்கும் ஒரு நண்பனே அப்பிள்ளைக்கு எஞ்சிய துணையாக இருப்பான். அதையும் பறித்துவிட்டுத் தனிமையில் தள்ளாதீர்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற எண்ணில் அரசின் 'டெலி மனஸ்' மனநல உதவி இரவும் பகலும் இலவசமாகக் கிடைக்கிறது. செபத்தோடு மருந்தும் சேர்வது விசுவாசக் குறைவன்று.

ஊர் கூடி ஓய்வெடுக்கலாம்

தனியொருவன் நிலத்தை ஆறப்போடுவதைவிட, ஊரே சேர்ந்து ஆறப்போடுவது எளிது. யார் என்ன பேசுகிறார்களோ என்ற ஏக்கம் அப்போது இராது. மராட்டிய மாநிலம், சாங்கிலி மாவட்டத்தில் மொகித்யாஞ்சே வட்காவ் என்றொரு சிற்றூர். 2022-ஆம் ஆண்டு முதல் அங்கே மாலை ஏழு மணிக்குக் கோயிலிலிருந்து சைரன் ஒலிக்கும் ஏற்பாட்டைச் செய்தார்கள். அந்த ஒலி கேட்டதும் வீடுகளில் செல்போனும் தொலைக்காட்சியும் அணையும். எட்டரை மணிக்கு மீண்டும் சைரன் ஒலி. அதுவரை பிள்ளைகள் படிப்பார்கள், பெரியவர்கள் ஒருவரோடொருவர் பேசுவார்கள். ஒன்றரை மணி நேரம்தான். ஆனால் ஊர் முழுவதற்கும் ஒரே ஒன்றரை மணி நேரம்.

நமக்குப் புதிதாகச் சைரன் வேண்டியதில்லை. நம் கோபுரத்தில் மணி இருக்கிறது. மாலை மூவேளை செபத்துக்கு அது ஒலித்த காலத்தில், களத்திலும் கடையிலும் இருந்த நம் பெரியோர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றார்கள். கை வேலை ஒரு நிமிடம் ஓய்ந்தது. அதனால் எவருடைய பிழைப்பும் கெடவில்லை.

யூபிலி விழா முடிந்த மறுவாரம், திங்கள் முதல் ஞாயிறு வரை ஏழு நாள்களை நம் பங்கின் ஓய்வு வாரமாகக் கொள்ளலாம் என்பது நம் விருப்பம். இதில் கட்டாயம் ஏதுமில்லை, பெயர்ப்பதிவும் இல்லை. இயன்றவர்கள் தங்கள் முகநூல், இன்ஸ்டாகிராம் கணக்குகளை அந்த ஏழு நாளும் முடக்கி வைக்கலாம். இயலாதவர்கள் மாலை மணி ஒலித்தது முதல் இராச் சாப்பாடு முடியும் வரை செல்போனை அலமாரியில் வைக்கலாம். வெளிநாட்டிலிருந்து அழைப்பு வரும் வீடுகள் அந்த நேரத்தை மட்டும் விலக்கி வைத்துக்கொள்ளலாம். அன்பியப் பொறுப்பாளர்கள் இதைத் தங்கள் தெருவில் எடுத்துச் சொல்வார்களாக.

எட்டாம் நாள் அனைவரும் திரும்பி வருவோம். வந்து, அந்த வாரத்தில் பாட்டியின் செபமாலைக்குப் பிற்பாதி சொல்ல ஆள் இருந்ததா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். நிலத்துக்கு ஓய்வு தந்து, அடுத்த போகத்தில் அதைச் செழிக்கச் செய்யும் ஆண்டவர் நம் இல்லங்களையும் நம் பிள்ளைகளின் உள்ளங்களையும் ஆசீர்வதிப்பாராக.